பெண் வீட்டு ஆளாக ஒரு காதுகுத்துக்கு

“…இதே மாதிரிதாங்க, அப்புடியே இதே மாதிரி. ரெண்டு தரம் புருவத்தத் தூக்குச்சு. நான் பலாப்பழத்தத் தோள்ல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். என் தம்பி மருமக என்னையப் பாத்து, ‘என்ன, எங்க வந்த?’ங்குறாப்ல புருவத்தத் தூக்குதுங்க. அது சரி, அது வெளிநாட்டுக்காரப் பொண்ணு. ஒங்களுக்கு எப்புடி வந்துச்சு இந்த வியாதி?”

பெரியவர் இப்படிக் கேட்டபோது என் வாயில் பாதி வாழைப்பழம் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தொட்டுவிட்டது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று ஏறி உட்கார்ந்து, கீழே வாங்கிய பூவன் பழத்தை உரித்தேன். அந்த நேரத்தில்தான் பெரியவர் ஏறி வந்து, “இங்கன ஆள் வருதா தம்பி?” என்று கேட்டார். வாய் நிறையப் பழம். ‘இல்லை, உட்காருங்கள்’ என்பதற்குப் பதிலாக இரண்டு புருவத்தையும் இரண்டு தரம் தூக்கிக் காட்டினேன்.

இந்தப் பழக்கம் எனக்குச் சார்ஜாவில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு பெரிய கடையின் பேக்கரிப் பகுதியில் ஒன்பது வருடம் மாவு பிசைந்தேன். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் ‘ஆமாம்’ என்பதைப் புருவத்தால் சொல்வார்கள். ‘வா, உட்கார், சௌக்கியமா’ எல்லாவற்றுக்கும் ஒரே புருவம்தான். திரும்பி வந்து திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு பேக்கரி போட்டு ஆறு வருடம் ஆகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. “சோறு போடவா?” என்று என் மனைவி கேட்பாள். நான் புருவத்தைத் தூக்குவேன். “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்பாள்.

பெரியவர் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு, தடித்த கண்ணாடி, நெற்றி முழுக்கத் திருநீறு. கோபத்தில்தான் இருந்தார், ஆனால் என்மீது இல்லை. வேறு யார்மீதோ சேர்த்து வைத்திருந்த கோபத்துக்கு நான் ஒரு சாக்கு. எனக்கு மனிதர்கள் பேசினால் போதும், வழி போவதே தெரியாது. பழத்தை விழுங்கிவிட்டு, “அப்பறம் என்னங்கய்யா ஆச்சு?” என்றேன்.

“என்ன ஆகும்? பழத்த வாசல்லயே எறக்கி வச்சுட்டு வந்துட்டேன். போன ஆனி மாசம். இப்ப அடுத்த ஆனி வந்துருச்சு. அந்த வாசல மிதிக்கல. வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை. காசா, பணமா? எங்க பக்கம் பச்சப்புள்ளகூட கேக்கும். பகையாளி வந்தாலும் வாங்கன்னு கேட்டுட்டுத்தான் சண்டைய ஆரம்பிப்போம்.”

அவர் சொன்னது உண்மை. புதுக்கோட்டை பக்கம் பழகியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படியில் இருப்பவர் எட்டிப் பார்த்து ஒரு ‘வாங்க’, கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து ஒரு ‘வாங்க’, பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு ‘வாங்க’. ஆளுக்கொரு தரம் கேட்க வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் ‘வாரேன், வாரேன்’ என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் கேட்காமல் விட்டால் மற்ற நாலு பேர் கேட்டதும் கணக்கில் சேராது.

“நான் சார்ஜாவுல இருந்தவங்கய்யா,” என்றேன். “அவங்க ஊர்ல அதுதான் ‘வாங்க’.”

“எது, புருவமா?”

“ஆமாங்க.”

“கண்ணு தெரியாதவன் வந்தா என்ன பண்ணுவாங்க?”

முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார்.

“எனக்கும் முதல்ல கோவந்தான் வந்துச்சு,” என்று ஆரம்பித்தேன். சார்ஜாவில் சேர்ந்த புதிதில் கல்லாவில் இருந்த ஒரு பெண்ணிடம் போய், காலையில் அனுப்பிய ரொட்டி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். புருவத்தைத் தூக்கினாள். பதில் வரும் என்று நின்றேன். மறுபடி தூக்கினாள். மறுபடி நின்றேன். அவளுக்கு நான் மந்தம், எனக்கு அவள் திமிர். அதே கல்லாவில் அவள் என்னிடம் ஏதாவது கேட்டால் நான் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு அவள் போய்விடுவாள். சுடச்சுட ரொட்டி என் பின்னால் அடுக்கியிருக்கும். அவள் இல்லையென்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

பெரியவருக்கு ரொட்டிக் கதையில் நாட்டமில்லை. “தலைய ஆட்டுறது வேறங்க. இது எப்புடி இருக்கு பாருங்க,” என்று என் பக்கம் திரும்பி, கேலியாகத் தன் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். நெற்றி சுருங்கி, காய்ந்த திருநீறு பொருக்காக உதிர்ந்து கண்ணாடியில் விழுந்தது. “பாத்தீங்களா, சாமி துன்னூறே நிக்க மாட்டேங்குது,” என்று கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

நடத்துனர் வந்தார். “வேம்பன்விடுதி ஒண்ணு,” என்றேன். இருபத்தெட்டு ரூபாய். இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ‘விடுதி’ என்று முடியும். முதல் தரம் பாலு தன் ஊர்ப் பெயரைச் சொன்னபோது தங்கும் விடுதி ஏதோ என்று நினைத்தேன். பெரியவர் திரும்பி, “வேம்பன்விடுதியா? அங்க யாரு வீட்டுக்கு?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சார்ஜாவில் என்னோடு அதே பேக்கரியில் வேலை பார்த்தவன் பாலு. எந்தப் பெண் எனக்குப் புருவத்தால் பதில் சொன்னாளோ, ஜாய் என்ற அந்தப் பிலிப்பைன்ஸ்காரியைத்தான் அவன் பிறகு ஊருக்கு அழைத்து வந்து கோயிலில் தாலி கட்டினான். இப்போது ஆலங்குடியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் மலருக்குக் காது குத்து. அதற்குத்தான் நான் கிளம்பி வந்தேன். பாலுவின் அப்பா அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டார் என்றும், கருப்பையா பெரியப்பாதான் வளர்த்து ஆளாக்கினார் என்றும் நூறு தரம் சொல்லியிருக்கிறான். அந்தக் கருப்பையா என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆலங்குடி வரைக்கும் வெளியே பார்த்தபடி வந்தார். எனக்கும் வெளியே பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. செம்மண். முந்திரிக்காடு. இருபது கிலோமீட்டரும் கண்ணுக்குப் பச்சை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறைக் கரட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆலங்குடியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பின்படி வழியாகப் பலாப்பழங்கள் ஏறின. வாசனையில் பஸ்ஸே கனிந்துபோனது. அது பெரியவரின் வாயையும் திறந்துவிட்டது.

“கஜா புயல்ல எங்க தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சுங்க. ஒத்தப் பலாமரம் மட்டும் நின்னுச்சு. அந்த மரத்துப் பழத்தத்தான் அன்னைக்குத் தூக்கிட்டுப் போனேன்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒங்களுக்கு அழைப்பு மாப்ள வீடா, பொண்ணு வீடா?” என்றார்.

இரண்டு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஆனால் அந்த நேரத்தில் எப்படியோ, “பொண்ணு வீடு,” என்று வாயில் வந்துவிட்டது.

“பொண்ணு வீடு கடலுக்கு அங்கிட்டுல்ல இருக்கு?”

“அதான் நான் இங்கிட்டு இருந்து வந்திருக்கேன்.”

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வந்ததோ என்னவோ, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வருவீங்கள்லய்யா?”

“நாளைக்கு எனக்கு, புயலுக்கு அப்பறம் வச்ச தோப்புல தேங்கா வெட்டு.”

வேம்பன்விடுதி முக்கத்தில் இரண்டு பேரும் இறங்கினோம். பாலு டி.வி.எஸ். வண்டியோடு காத்திருந்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, வண்டியிலிருந்து இறங்கி நின்றான். அவர் அவனைத் தாண்டித் தெற்கே போகும் மண்பாதையில் நடந்தார். அவர் தென்னைக்குள் மறையும்வரை பாலு வண்டியில் ஏறவில்லை.

“பேசுனாராண்ணே?” என்றான்.

“என்கிட்ட நல்லாத்தான் பேசுனாரு.”

“எல்லார்கிட்டயும் நல்லாத்தாண்ணே பேசுவாரு.”

வீட்டு வாசலில் வண்டி நின்றதுமே உள்ளேயிருந்து குரல் வந்தது. “வாங்க! வாங்க! வாங்க குயா!” குயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன், சார்ஜாவிலேயே என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் குழந்தை, கொண்டையில் கனகாம்பரம். ஊர் அவளை ‘ஜாயி’ ஆக்கிவிட்டது. எனக்கு ஒரு வாங்க, என் பைக்கு ஒரு வாங்க. நான் சொம்புத் தண்ணீரைக் குடிக்கும் நேரத்துக்குள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு வாங்க, அவர் காலிச் சிலிண்டரோடு வெளியே போகும்போது இன்னொரு வாங்க, வேலிக்குள் தலையை விட்ட பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் ஒரு வாங்க.

“வீட்டவிட்டுப் போறவனையும் வாங்கங்குறாண்ணே. அவன் பாவம், ரெண்டடி வச்சுட்டுத் திரும்பிப் பாக்குறான்,” என்றான் பாலு.

“சொல்லாம விட்டா தப்பு. சொன்னா தப்பு இல்ல,” என்றாள் ஜாய். சட்டம் தெளிவாகத்தான் இருந்தது.

மனசு லேசானது எனக்கு. திண்டுக்கல்லில் கிளம்பும்போது பயந்துகொண்டேதான் வந்தேன். வேறு நாட்டில் பிழைப்பது என்றால் என்னவென்று நான் அறிவேன். முதல் வருடம் பூராவும் ராத்திரிச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இவள் எப்படி இளைத்திருப்பாளோ என்று நினைத்தேன். இளைக்கவில்லை, ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

அவளுக்கு இங்கே பொருள்கள் எதுவும் அந்நியமில்லை. தென்னை, பலா, வாழையிலை, புளி, கருவாடு எல்லாம் அவள் ஊரிலும் உண்டு. கையால்தான் அங்கேயும் சாப்பிடுகிறார்கள். வாரம் ஒரு தரம் மீமிசலிலிருந்து ஸ்கூட்டியில் கருவாடு கொண்டுவரும் அக்காதான் அவளுக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதி. மூட்டையைப் பிரிக்கும் முன்பே மோந்து பார்த்து, “இது பழசு, அது குடு,” என்பாளாம்.

“மீன் கழுவுறதுல எனக்கு அவதான் மாமியா,” என்றார் பாலுவின் அம்மா.

மத்தியானம் பலாக்காயைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, நெத்திலிக் கருவாட்டைப் போட்டு ஒரு குழம்பு. சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர் ஒரே சட்டியில் கொதித்தது போல் இருந்தது. நான் மூன்று தரம் சோறு வாங்கினேன்.

“எது கஷ்டமா இருந்துச்சு ஜாய்?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “வெயில் இல்ல. சாப்பாடு இல்ல. எல்லாரும் ‘என்ன கொழம்பு, சாப்டியா’ கேட்டாங்க. எங்க ஊர்லயும் அதே கேள்வி. நல்லா இருந்துச்சு.” குழந்தையை மடியில் இறக்கினாள். “மாமா மட்டும். மாமா பலா கொண்டு வந்தாங்க. எனக்கு அவ்ளோ சந்தோசம். வயித்துல மலர், எனக்கு மாமா பலா தூக்கிட்டு வராங்க. சந்தோசத்துல வாய் வரல குயா. புருவம் வந்துருச்சு.”

பாலு தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்பறம் மாமா இல்ல. பலா மட்டும் இருக்கு,” என்றாள்.

என்ன தப்பு நடந்தது என்பது அவளுக்குத் தெரியவே மூன்று வாரம் ஆயிற்றாம். தெரிந்த அன்று ரோட்டோரம் போய் நின்றிருக்கிறாள். பெரியவர் வண்டியில் வர, எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி “வாங்க மாமா!” என்றிருக்கிறாள். நடு ரோட்டில் நின்று வாங்க என்றால் எங்கே வருவது? அவர் ஒரு தரம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். குழந்தை பிறந்தபோதும் வரவில்லை. கேட்டு அனுப்பினால் தேங்காய் வெட்டு என்றோ உர மூட்டை என்றோ பதில் வரும்.

சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டினாள். அந்தப் பலாப்பழத்தின் கொட்டைகளை ஊன்றி வைத்திருக்கிறாள். மூன்று கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. “மாமா மரம்,” என்றாள்.

அவர்களுடைய கவலையை அதற்குப் பிறகு பாலுவின் அம்மா பிட்டுப் பிட்டு வைத்தார். “மூத்தவுக வரலைன்னா பங்காளி வீடு ஒண்ணும் வராதுங்க. கல்யாணம் முடிஞ்சு முதல் காரியம் இது. வராமப் போனா அதோட போச்சு, நாளைக்கு இந்தப் புள்ள வயசுக்கு வந்தாலும் வர மாட்டாங்க. கெடாயும் சொல்லியாச்சு, அத அறுத்து யாருக்கு ஊத்துறது?”

“யாரும் வரலைன்னா மறுபடி சார்ஜாவுக்கே போயிருவோம்ணே,” என்றான் பாலு. “அங்க யாரும் யாரையும் வாங்கன்னு கேக்க வேணாம்.”

“நான் வரல,” என்றாள் ஜாய், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. “அங்க நாம எல்லாரும் வாடகை. இங்க மரம் வச்சிருக்கேன்.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். ஜாயின் அண்ணன் இருக்கிறான், ஆனால் கடலுக்கு அப்பால், ஏதோ ஒரு தீவில். வீடியோவில் அவனைக் கூப்பிட்டு, போனை மடியாக வைத்துக் குத்திவிடலாம் என்பது பாலுவின் யோசனை. “போன யாரு மடியில வைக்கிறது?” என்று அவன் அம்மா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர், கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு சோலை. உள்ளே ஐயனார், முன்னால் வரிசையாக மண் குதிரைகள். சில குதிரைகளுக்குக் காது இல்லை, சிலதுக்குச் சவாரிக்காரனே இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் இத்தனை பெரிய குதிரைகளை நான் பார்த்ததில்லை. ஜாய் ஒவ்வொரு குதிரையிடமும் குழந்தையைக் காட்டிக்கொண்டே போனாள்.

குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் ஐம்பது மரத்தடியில் கிடந்தன. உட்கார்ந்திருந்தது நானும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரும், மீமிசல் அக்காவும். கண்மாய்க் கரையில் ஆலமரத்துப் பக்கம் ஏழெட்டு பைக்குகள் நிற்பது மட்டும் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

காது குத்த வந்த ஆசாரி ஆலங்குடிக்காரர். “எனக்கு இன்னொரு எடம் இருக்குங்க, நல்ல நேரமும் போகுது,” என்று பெட்டியைத் திறந்து மூடினார். சமையல்காரர் கரண்டியோடு வந்து பாலுவைக் கேட்டார்: “ஒல கொதிச்சிருச்சு. அரிசி எம்புட்டுப் போட? ஐம்பது பேருக்கா, பத்துப் பேருக்கா?”

ஜாய் கரையைப் பார்த்தாள். அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வியர்வையில் குங்குமம் கலைந்திருந்தது.

பாலு போனில் மைத்துனனைக் கூப்பிட்டான். திரையில் வந்தவன் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரிடமோ இரவல் வாங்கியது போன்ற சட்டையை மேல் பொத்தான்வரை போட்டு, தலையை நனைத்துச் சீவியிருந்தான். ஒரு முக்காலியில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். பக்கத்தில் மலரை உட்கார வைத்தார்கள். முக்காலி ஆடியது. பிள்ளை வீறிட்டது.

அந்த அழுகைக்கு நடுவில்தான் வண்டிச் சத்தம் கேட்டது. கருப்பையா ஐயா கரையிலிருந்து டி.வி.எஸ்.ஸைக் கோயில் பக்கம் திருப்பினார். அவர் வண்டி திரும்பியதுதான் தாமதம், ஆலமரத்தடியில் இருந்த பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அவர் பின்னால் வர ஆரம்பித்தன. பங்காளிகள்! வீட்டுப் பெண்களையும் பின்னால் வைத்துக்கொண்டு, அவர் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

எல்லோரும் எழுந்தோம். ஜாய் கையைக் கூப்பி, “வாங்க மாமா,” என்றாள்.

“ம்,” என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். “சாமி கும்புட வந்தேன். ஐயனாரு எனக்குந்தான் கொலசாமி.” நேராக உள்ளே போய் விழுந்து கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார். முக்காலிக்கு முன்னால் நின்றார்.

“இது யாரு?”

“ஜாயோட அண்ணன், பெரியப்பா. தாய்மாமன்,” என்றான் பாலு.

திரைக்குள் இருந்தவன் பெரியவரைப் பார்த்தான். முகம் மலர, மரியாதையாக, இரண்டு புருவத்தையும் இரண்டு தரம் தூக்கினான்.

பெரியவர் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். “குடும்பமே இப்புடித்தானா?” என்றார்.

“ஆமாங்கய்யா,” என்றேன்.

“சரி. போனு மடியாகுமா? குத்துற நேரத்துல சார்ஜு எறங்கிட்டா புள்ள எங்க ஒக்காரும்?” பின்னால் வந்து நின்ற பங்காளிகளில் ஒருவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. “நேத்து பஸ்ஸுல ஒருத்தரு என்கிட்ட பொண்ணு வீடுன்னு சொன்னாரு. சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேங்க.”

“சொன்னா ஒக்காரணும்ல? பாத்துக்கிட்டு நின்னா எப்புடி?” தோளிலிருந்த துண்டை உதறி, ஐயனார் சந்நிதி முன்னால் தரையில் விரித்தார். “அந்தப் போன ஒரு கையில புடிச்சுக்கங்க. அவரும் பாக்கட்டும். அவரு மருமகதான.”

திண்டுக்கல்லில் எனக்குத் தங்கை கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல், இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து, ஒரு வேட்டி மடிப்பில் தாய்மாமன் ஆனேன். ஒரு கையில் மழை பெய்கிற போன், மடியில் சந்தன மொட்டை. ஆசாரி முன்னால் குந்தி ஊசியை எடுத்தார். சமையல்காரர் இன்னும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, நீ என்ன வேடிக்க பாக்குற?” என்றார் பெரியவர். “அரிசியப் போடு.”

“எம்புட்டுங்க?”

“வந்துருக்க சனத்த எண்ணத் தெரியாதா? எல்லாத்தையும் போடு.”

நாற்காலிகள் நிரம்பின. பெண்கள் வளையமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஜாய் எனக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்திருந்தாள். அழுகையை நிறுத்திய மலர் அண்ணாந்து பார்த்தது. எதிரே, இதுவரை கிட்டத்தில் பார்த்திராத ஒரு புது முகம். தடித்த கண்ணாடி, பெரிய வெள்ளை நெற்றி. பிள்ளைக்கு அந்த முகம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. தாய் செய்வது போலவே, போனுக்குள் இருந்த தாய்மாமன் செய்தது போலவே, முடியில்லாத தலையின் கீழே இருந்த இரண்டு பிஞ்சுப் புருவத்தையும் தூக்கியது. ஒரு தரம். இன்னொரு தரம்.

ஜாயின் கை பதறி எழுந்து பிள்ளையின் நெற்றியை மூடியது.

“கைய எடு ஆத்தா,” என்றார் பெரியவர்.

அவள் எடுத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, இரண்டு புருவத்தையும் தூக்கினார். பழகாத நெற்றி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத்தான் ஏறின. திருநீறு உதிர்ந்து சந்தன மொட்டையில் விழுந்தது. பிறகு நிமிர்ந்து, பிள்ளையின் தாயைப் பார்த்து, இன்னொரு தரம் தூக்கினார்.